கலைக்களவும் இணையக் காவலும்

கலைப்படைப்பு எவருக்கு உரியது என்னும் வினா புதியதன்று. அரசவையிற் புலவன் பாடிய காலத்தில் அது புரவலனின் புகழுக்கு உரியதாயிருந்தது. அச்சியந்திரம் வந்தபின் பதிப்பாளனின் சரக்காயிற்று. இசைத்தட்டும் திரைப்படமும் தோன்றியபின் பெருமூலதனத்தின் சொத்தாயிற்று. இன்று அதே வினா வேறொரு கோலம் பூண்டு நம்முன் நிற்கின்றது. திரைப்படம் ஒன்று வெளியாகும் நாளிலேயே அதன் திருட்டுப்பிரதி இணையத்தில் உலாவத் தொடங்குகின்றது. புதிய நூலொன்றின் பக்கங்கள் படியெடுக்கப்பட்டுக் கைத்தொலைபேசிக்குக் கைத்தொலைபேசி பாய்கின்றன. இதனைத் தடுக்கும் பொறுப்பு யாருடையது? படமெடுத்தோரும் இசைவெளியீட்டு நிறுவனத்தாரும் இன்று விரல் நீட்டுவது, இணையத்தை வீடுதோறும் கொண்டுவந்து சேர்க்கும் சேவை நிறுவனங்களை நோக்கியே. 'கம்பி உங்களுடையது, அக்கம்பி வழியே களவுப்பொருள் செல்கின்றது, ஆகவே காவல் நிற்பதும் உங்கள் கடமை' என்பது அவர்தம் வாதம்.

இவ்வாதத்தை எளிதிற் புறந்தள்ளிவிட முடியாது. இணையசேவை நிறுவனங்கள் தருமசாலைகள் அல்ல. நாம் பார்க்கும் படம் களவானதாயினும் நேர்மையாக வாங்கியதாயினும் அதனைச் சுமந்து வந்ததற்கு அவை காசு பெறுகின்றன. படமுதலாளியின் மூலதனமும் கம்பிமுதலாளியின் மூலதனமும் மோதிக்கொள்ளும் இச்சண்டையில் ஒரு பக்கம் சாய்ந்து கொடிபிடிக்கும் தேவை நமக்கில்லை. ஆயினும் அம்மோதலின் நடுவே வாசகன், இரசிகன், மாணவன் என ஒருவன் நிற்கின்றான். காவற்காரனின் கை முதலிற் சோதனையிடுவது அவனுடைய சட்டைப்பையையே. அவனது நிலையிலிருந்து இப்பிரச்சினையை நோக்குவதே இங்கு நமது நோக்கமாகும்.

முதற்கண், காவல் என்பது எவ்வாறு நிகழ்கின்றது எனத் தெளிந்துகொள்ளல் வேண்டும். இணையசேவை நிறுவனத்தின் இயல்பான தொழில் தபாற்காரனின் தொழிலை ஒத்தது. உறையின் மேலுள்ள முகவரியைப் பார்த்துப் பொதியை உரிய இடத்திற் சேர்ப்பிப்பதே அதன் பணி. அதனிடம் காவலையும் ஒப்படைத்தால் அது செய்யக்கூடியவை சிலவே. குறித்த தளமொன்றின் பெயரைத் தனது முகவரிப் பதிவேட்டிலிருந்து அழித்துவிடலாம். இது எளிது, இதனை ஏய்ப்பதும் அவ்வளவுக்கு எளிது. அத்தளம் குடியிருக்கும் எண் முகவரியையே அடைத்துவிடலாம். அவ்வாறு செய்யின் அதே முகவரியில் ஒண்டுக்குடித்தனம் நடத்தும் குற்றமற்ற பிற தளங்களும் சேர்ந்தே அடைபடும். மூன்றாவதாக, போகும் வரும் பொதிகளைத் திறந்து உள்ளே இருப்பதைச் சோதிக்கலாம். இது கடிதத்தைக் கிழித்துப் படிப்பதற்கு ஒப்பானது. இவையன்றி, எந்த வாடிக்கையாளர் எந்நேரத்தில் எந்த முகவரியைப் பயன்படுத்தினார் என்னும் குறிப்பேட்டைப் பேணி, கேட்போரிடம் கொடுக்கவுங் கூடும். மறைகுறியிட்டு அனுப்பப்படும் பொதிகளின் உள்ளடக்கத்தை நிறுவனம் அறியாதெனினும், நாம் எந்த வீட்டுக் கதவைத் தட்டினோம் என்பதை அது பெரும்பாலும் அறிந்தே இருக்கின்றது. ஒவ்வொரு முறையும் களவைத் தேடுவதாகவே தொடங்குகின்றது. ஒவ்வொன்றும் களவு செய்யாதவனையும் சேர்த்தே தொடுகின்றது.

இது வெறும் ஊகமன்று. 2012ஆம் ஆண்டில் தமிழ்த் திரையுலகமே இதற்கொரு பாடத்தை வழங்கிற்று. '3' என்னும் திரைப்படம் அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் வெளியானது. படம் வெளியாகுமுன்னரே அதன் பாடலொன்று 2011 நவம்பரில் யூரியூப் வழியே வெளிவந்து, பணம் கொடாமல் கேட்கத்தக்கதாய் உலகெங்கும் பரவியிருந்தது. இணையத்தின் தடையற்ற ஓட்டமே அப்படத்திற்கு விளம்பரமாயிற்று. அதே படத்தின் தயாரிப்பாளர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகி, இனிமேல் நிகழக்கூடிய களவைத் தடுக்குமாறு இணையசேவை நிறுவனங்களுக்கு எதிராக ஆணை பெற்றார். 'தம்மு' என்னும் தெலுங்குப் படத்திற்கும் இத்தகைய ஆணை பெறப்பட்டது. விளைவு யாது? அவ்வாண்டு மே மாதத்தில் இந்தியாவின் சேவை நிறுவனங்கள் சில, விமியோ, டெய்லிமோஷன் முதலாய தளங்களை முழுமையாகவே அடைத்துவிட்டன. சொந்தமாகப் படமெடுத்து அங்கே வைத்திருந்த மாணவர்களும் குறும்படக் கலைஞர்களும் தம் படைப்பைத் தாமே காணமுடியாதவராயினர். கலைஞனைக் காக்கவென்று பெற்ற ஆணை கலைஞனின் கதவையே பூட்டிற்று. அவ்வாண்டு யூன் மாதத்தில் அதே நீதிமன்றம், தடை குறித்த படம் வைக்கப்பட்டுள்ள குறித்த இணைய முகவரிக்கு மட்டுமே உரியது, முழுத் தளத்திற்கும் உரியதன்று எனத் தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று.

இத்தகைய ஆணைகளை ஓர் இலக்கியப் பனுவலை வாசிக்கும் கவனத்தோடு வாசிப்போமாயின் ஓருண்மை புலப்படும். பிரதிவாதி இன்னாரென்று அறியப்படாத இவ்வாணைகளை ஆங்கில நாடுகளில் 'ஜோன் டோ' ஆணை என்பர். இந்திய வழக்கில் 'அசோக்குமார் ஆணை' என்றும் கூறுவர். அசோக்குமார் என்று ஒருவர் இல்லை. அது முகமற்ற குற்றவாளிக்கு இட்ட பெயர். முகமற்றவன் எவனாகவும் இருக்கலாம். ஆகவே எல்லாரும் அசோக்குமாராக இருக்கலாம். குற்றம் நிகழுமுன்னரே, குற்றவாளி இன்னாரென்று தெரியாமலே, அவன் வந்துபோகக்கூடிய தெருக்களையெல்லாம் அடைப்பதே இவ்வாணையின் இயல்பு. இணையத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரையும் ஐயத்துக்குரியவராகக் கொள்ளும் நோக்கு அதன் சொல்லமைப்பிலேயே பொதிந்துள்ளது.

அதன் பின் எண்ணிக்கை மட்டும் வளர்ந்து சென்றது. 2016இல் 'கபாலி' வெளியாகுமுன் 225 இணையத்தளங்களைத் தடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2018 நவம்பரில் '2.0' படத்திற்காக 37 சேவை நிறுவனங்களுக்கு இடப்பட்ட ஆணையில், தடுக்கப்பட வேண்டிய தளங்களின் தொகை 12,000ஐத் தாண்டிற்று. அவற்றுள் பெருந்தொகையானவை 'தமிழ்ராக்கர்ஸ்' என்னும் பெயரோடு தொடர்புடையன. ஆயினும் படம் வெளியான அன்றே அதன் களவுப்பிரதியும் இணையத்தில் வெளிவந்தது. ஒரு பெயரை அடைத்தால் மறுபெயரில் முளைப்பது அத்தளங்களின் வழக்கம். அப்படத்தைத் தயாரித்த லைக்கா, தொலைபேசிச் சேவையால் வளர்ந்த குழுமமொன்றின் கிளை என்பதும் இங்கு நோக்கத்தக்கது. கம்பியின் முதலும் படத்தின் முதலும் ஒரே வீட்டில் வாழக்கூடியன என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. 2023இல் திருத்தப்பட்ட இந்தியச் சினிமாச் சட்டம், தியேட்டரினுள் படத்தைக் களவாகப் பதிவு செய்வோருக்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளித்தது. களவின் ஊற்றுக்கண்ணையே நோக்கும் இவ்வேற்பாடு வரவேற்கத்தக்கது. ஆயின் அதே ஆண்டு நவம்பரில், முறைப்பாட்டின் பேரில் இணையத் தளங்களை முடக்கப் பணிக்கும் அதிகாரம் அரச அலுவலர்களிடமும் கொடுக்கப்பட்டது. நீதிமன்றத்தின் வாயிலில் வாதியாக நிற்கவேண்டிய தேவையும் இவ்வாறு குறைந்துபோயிற்று.

இனி, நம்மவர் சிலரிடையே வழங்கும் எளிய விடையொன்றையும் ஆராய்தல் வேண்டும். 'சொத்துரிமையே சுரண்டல்; முதலாளியின் படத்தைக் களவாகப் பார்ப்பதில் என்ன குற்றம்?' என்று கேட்கும் இளைஞர்கள் உளர். முற்போக்குச் சொற்களால் போர்த்தப்பட்டிருப்பினும் இது சோம்பலான வாதமேயாகும். திரைப்படம் ஒன்றின் பின்னே ஒளியமைப்பாளர், தையற்காரர், தச்சர், சமையற்காரர், துணை நடிகர் எனக் கூலிக்குழைப்போர் பலர் நிற்கின்றனர். படம் நட்டமடைந்தால் அடுத்த படத்தில் முதலிற் குறைக்கப்படுவது நாயகனின் ஊதியமன்று, இவர்களுடைய நாட்கூலியே. யாழ்ப்பாணத்து எழுத்தாளனின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. அவன் தன் சொந்தப் பணத்திலே சில நூறு பிரதிகள் அச்சிடுகின்றான்; வெளியீட்டு விழாவிலே விற்றது போக எஞ்சியவற்றை வீட்டு அலுமாரியில் அடுக்குகின்றான். அந்நூலை முழுமையாகப் படியெடுத்து வட்ஸ்அப் குழுவொன்றில் 'இலக்கியத் தொண்டு' என்று பரப்புகின்றவர், சுரண்டுவோனை எதிர்க்கவில்லை. சுரண்டப்படுவோனின் கடைசிக் காசையும் பறிக்கின்றார். உழைப்பின் பயன் உழைத்தவனைச் சேரவேண்டும் என்று நெல்வயலுக்குச் சொல்லும் நாம், எழுத்து மேசைக்கு வேறு நீதி சொல்லல் ஆகாது.

எனினும் படியெடுத்தல் யாவும் ஒரே தன்மையன அல்ல. விளம்பரக் காசுக்காகப் படத்தைத் திருடிப் பரப்பும் வியாபாரி வேறு. வேறு வழியின்மையாற் படியெடுக்கும் வாசகன் வேறு. அழிவிலிருந்து காக்கப் படியெடுப்பவன் வேறு. இம்மூவரையும் ஒரே பெயராற் சுட்டும் சொல்லாட்சியிலேயே அநீதி தொடங்குகின்றது.

குடாநாட்டில் வாழ்வோர்க்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. வேறெங்கும் படியெடுத்து வைக்கப்படாத ஏடுகளும் நூல்களும் அன்று அழிந்தே போயின. 1990களின் முற்பகுதியில் மின்சாரமின்றி, துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட சமூகம் இது. கடதாசித் தட்டுப்பாட்டினாற் பாடசாலைக் கொப்பித் தாளிலே பத்திரிகை அச்சிட்ட சமூகம் இது. ஒருவரிடம் உள்ள நூலைப் பத்துப்பேர் கைமாற்றிப் படித்தமையும் தேவையானவற்றை எழுதியே படியெடுத்தமையும் இங்கு அறிவு உயிர்வாழ்ந்த முறைகளாகும். இந்த அனுபவத்திலிருந்தே 2005இல் நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டம் பிறந்தது. இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் படியெடுத்து எவரும் கட்டணமின்றிப் படிக்க வைக்கும் அம்முயற்சி, உரிமையாளரின் அனுமதியைக் கேட்டுப் பெறுவதையும் தன் நெறியாகக் கொண்டுள்ளது. படைப்பாளியின் உரிமையும் வாசகனின் உரிமையும் ஒன்றையொன்று கொல்லாமலே வாழக்கூடும் என்பதற்கு அது கண்கண்ட சான்று.

ஆயின் சட்டம் அத்தகையோர் பாதையை எளிதாக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கின்றது. 2000ஆம் ஆண்டில் மறைந்த எழுத்தாளரொருவரின் நூல் 2070 வரை பூட்டியே இருக்கும். அவருடைய பிள்ளைகள் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ எங்கிருக்கின்றனரென்று எவர் அறிவார்? மறுபதிப்புக்கு வழியில்லை, படியெடுக்க உரிமையில்லை, நூல் மட்டும் கறையானுக்கு இரையாகின்றது. சென்னையில் அச்சாகும் நூலோ, இந்திய ரூபாய் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் மூன்றுக்கு மேல் கொடுக்கவேண்டிய நிலையில், மாணவனின் கைக்கெட்டாததாகின்றது. கற்பித்தலுக்காகச் சிறுபகுதிகளைப் படியெடுக்க மேற்படி சட்டமே இடமளிக்கின்றது என்பது உண்மை. ஆனால் கம்பியிலே அமர்த்தப்படும் சோதனைப் பொறி, ஆசிரியர் வகுப்புக்கு அனுப்பும் ஒரு பக்கத்தையும் வியாபாரி திருடும் முழுநூலையும் எவ்வாறு பிரித்தறியும்? நோக்கத்தை வாசிக்கும் கண் அப்பொறிக்கு இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் 2011 நவம்பரில் இக்கருத்தையே தொட்டது. பெல்ஜியத்தின் இசை உரிமைச் சங்கமாகிய 'சபாம்', 'ஸ்கார்லெட்' என்னும் சேவை நிறுவனம் தன் வாடிக்கையாளர் அனைவரின் பரிமாற்றங்களையும் தன் செலவிலேயே காலவரையறையின்றிச் சலிக்க வேண்டுமெனக் கோரியது. அத்தகைய பொதுச்சலிப்பை விதிக்க முடியாது. அது மக்களின் தகவற் சுதந்திரத்தையும் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்பையும் பாதிக்கும். சட்டத்திற்கு அமைவானதையும் அமையாததையும் அப்பொறி போதியளவு வேறுபடுத்தி அறியாமற் போகலாம் என அந்நீதிமன்றம் கூறிற்று.

தமிழர் பலர் குடியேறியுள்ள அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்த வழக்கொன்று அந்தரங்கத்தின் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. ஆங்கிலத் திரைப்படமொன்றின் உரிமையாளர், 4,726 இணைய முகவரிகளின் பின்னாலுள்ள வாடிக்கையாளர் பெயர்களைத் தருமாறு ஐஐநெற் முதலிய சேவை நிறுவனங்களுக்கு எதிராக வழக்கிட்டார். பெயர்களைக் கொடுக்கலாம் என 2015 ஏப்பிரிலில் தீர்ப்பாயினும், அவர்களுக்கு அனுப்பப்படும் கடிதத்தை நீதிமன்றம் முன்கூட்டியே பார்க்கும் என்னும் நிபந்தனை விதிக்கப்பட்டது. நிறுவனம் கேட்க எண்ணிய தொகை, களவாகப் பார்த்த ஒரு படத்தின் விலையோடு நில்லாது பன்மடங்காக விரிந்தமை வெளிப்பட்டபோது, அவ்வாண்டு ஓகத்தில் நீதிமன்றம் பெயர்களை விடுவிக்க மறுத்துவிட்டது. நடுவே ஒரு நீதிபதி இருந்திராவிடின் அப்பெயர்ப்பட்டியல் மிரட்டிப் பணம் பறிக்கும் கருவியாகியிருக்கும்.

இனி நம் வீடுகளை எண்ணிப் பார்ப்போம். ஓர் இணைப்பு வீட்டார் அனைவருக்கும் பொதுவாயிருக்கின்றது. அயல்வீட்டுப் பிள்ளை பரீட்சைக் காலத்தில் வந்து பயன்படுத்துகின்றது. ரியூட்டரி ஒன்றின் இணைப்பில் நூறு மாணவர்கள் நுழைகின்றனர். கைத்தொலைபேசி வலையமைப்புகளிலோ ஒரே இணைய முகவரியைப் பல வாடிக்கையாளர் ஏககாலத்திற் பங்கிடுவதும் உண்டு. இணைப்போ ஒருவரின் தேசிய அடையாள அட்டை இலக்கத்தோடு பிணைந்தது. களவாடியவர் ஒருவர், பதிவேட்டிற் பெயருள்ளவர் வேறொருவர் என்னும் நிலை இங்கே இயல்பானது. அவ்வேட்டிலே திரைப்படம் மட்டுமா பதிவாகும்? நோயைப் பற்றித் தேடியது, காணாமற்போன மகனைப் பற்றித் தேடியது, தொழிற்சங்கக் கூட்டத்தைப் பற்றி உசாவியது யாவும் ஒரே கம்பியிலேயே செல்கின்றன.

அகத்திணை மாந்தரின் இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. உள்ளத்து வாழ்வை உலகறியப் பாடலாம், அது இன்னாருடையது என்று காட்டுதல் கூடாது என்னும் நாகரிகம் அதனுள்ளே அமைந்திருக்கின்றது. இதனைக் கொண்டு பழம்பெருமை பேசுவது நம் நோக்கமன்று. இன்றைய சட்டத்தைப் பழைய இலக்கணத்திலே தேடுவது நகைப்புக்குரியது. ஆயினும் ஒருவன் எதைப் படித்தான், எதைக் கேட்டான், எதை விரும்பினான் என்பதைப் பெயரோடு சேர்த்து ஏடெழுதி வைக்கும் இக்காலத்தில், அவ்விதியின் மனிதப் பண்பை ஆசிரியர்கள் வகுப்பறையில் எடுத்துக்காட்டுதல் வீணாகாது.

'இவை தமிழகத்திலும் அந்நிய நாடுகளிலும் நிகழ்ந்தவை, இங்கே நமக்கென்ன?' என்று கேட்போர்க்கு நமது நாட்டின் வரலாறே விடையளிக்கின்றது. 2007 யூன் மாதத்தில் 'தமிழ்நெற்' என்னும் செய்தித்தளம் இலங்கைச் சேவை நிறுவனங்களால் முடக்கப்பட்டது. நீதிமன்றத் தீர்ப்பெதுவும் அதற்கு முன்சென்றதில்லை. அத்தளத்தின் அரசியலை ஏற்றோரும் ஏற்காதோரும் ஒருங்கே அதனைப் படிக்கும் உரிமையை இழந்தனர். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள்மீது வன்செயல் நிகழ்ந்தபோதும், 2019 ஏப்பிரிலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பின் பின்னும் சமூக ஊடகங்கள் அடைக்கப்பட்டன. 2022 ஏப்பிரில் 3ஆந் திகதி, விலைவாசியையும் மின்வெட்டையும் எதிர்த்து மக்கள் வீதிக்கு வந்த வேளையில், மீண்டும் அதே பூட்டு விழுந்தது. முதலிரண்டு சந்தர்ப்பங்களில் வதந்தியைத் தடுப்பதாகக் காரணங் கூறியோர் உளர். மூன்றாவதிலே பூட்டப்பட்டது மக்களின் எதிர்ப்புக்குரல் என்பதில் ஐயமில்லை. பூட்டு ஒன்றே, காரணந்தான் மாறிற்று.

2024 ஜனவரியில் 108 வாக்குகளால் பாராளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஆணைக்குழுவொன்றை உருவாக்கி, இணையத்தின் குறித்த இடங்களை அடையும் வழியைத் தடுக்குமாறு சேவை நிறுவனங்களைப் பணிக்கும் அதிகாரத்தை அதற்கு வழங்கியது. நாட்டின் பெரிய சேவை நிறுவனமொன்றில் ஏறக்குறையப் பாதிப் பங்கு அரசினுடையது என்பதையும் இதனோடு சேர்த்து நோக்குக. படக்களவைத் தேடவென்று கம்பியிற் பொருத்தப்படும் பொறி ஒருநாளும் படக்களவோடு நின்றுவிடாது. தளத்தின் பெயர்ப்பட்டியலிலே ஒரு வரியைச் சேர்ப்பது எழுதுவினைஞரொருவரின் ஒரு நிமிட வேலை. இன்று அவ்வரி களவுத் தளமொன்றின் பெயர். நாளை அது வேலைநிறுத்தக் குழுவின் பெயராகலாம், நாளன்றைக்கு இத்தகைய சஞ்சிகையொன்றின் பெயராகலாம்.

அவ்வாறாயின் கலைஞனின் உரிமையைக் காப்பது எங்ஙனம்? தமிழ்ச் சமூகம் இதற்கு ஒருமுறை விடை கண்டிருக்கின்றது. பாரதியின் பாடல்களை ஒலிபரப்பும் உரிமை திரைப்பட முதலாளி ஏ. வி. மெய்யப்பனின் கையிலிருந்தது. நாடகக் கலைஞர்களாகிய டி. கே. எஸ். சகோதரர் தம் திரைப்படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது உரிமைப் பிரச்சினை எழுந்தது. நாட்டின் கவிஞனை ஒருவர் சொத்தாக்கலாமோ என்று எழுத்தாளரும் கலைஞரும் பொதுமக்களும் குரலெழுப்பினர். 1949இல் சென்னை அரசு அவ்வுரிமைகளைப் பெற்றுப் பொதுமையாக்கும் வழியை மேற்கொண்டது. பாரதியின் குடும்பத்தினர்க்குப் பணமும் வழங்கப்பட்டது. அதன்பின் பல எழுத்தாளரின் நூல்களைப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமையாக்குதல் தமிழகத்தில் மரபாயிற்று. அங்கே ஒருவர் வீட்டையும் சோதனையிடவில்லை. ஒருவர் கடிதத்தையும் திறக்கவில்லை. படைப்பு மக்களிடம் சென்றது. படைப்பாளியின் குடும்பமும் கைவிடப்படவில்லை.

எனவே நமது நிலைப்பாட்டைத் தெளிவாகவே கூறுவோம். களவை வியாபாரமாக நடத்துவோன்மீது நீதிமன்றத்திலே வழக்கிடுக. அவனுக்கு விளம்பரக் காசு கொடுப்போரையும் விசாரிக்குக. தடை வேண்டுமாயின் அது திறந்த மன்றிலே, குறித்த பொருளுக்கு, குறித்த காலத்துக்கு விதிக்கப்படுக; தடுக்கப்பட்டவற்றின் பட்டியல் மக்கள் முன் வைக்கப்படுக. வாடிக்கையாளரின் பெயர் நீதிபதியின் ஆணையின்றி எவர் கைக்கும் செல்லலாகாது. பதிப்பில் இல்லாத நூல்களை எண்ணிம நூலகங்கள் காக்கவும் வழங்கவும் சட்டம் வழிவிடுக. பாடசாலை நூலகங்களுக்கு உள்ளூர் எழுத்தாளரின் நூல்களை அரசு நியாயவிலைக்கு வாங்குக. ஆசிரியர்களாகிய நாமும், நம் ஊர் எழுத்தாளனின் நூலைப் படியெடுத்துப் பரப்பாது விலைகொடுத்து வாங்குவதை மாணவர் முன்னே வழக்கமாக்குவோம்.

இணையசேவை நிறுவனம் பாதையாகவே இருக்கட்டும். பாதையிற் செல்வோன் கையிலுள்ள புத்தகம் எது என்று கேட்கும் அதிகாரத்தை ஒருமுறை அதற்குக் கொடுத்துவிட்டால், பின்னர் அதனைத் திரும்பப் பெறுதல் அரிது. சோதனைச்சாவடி என்பது எவ்வளவு எளிதில் எழும்பும், எவ்வளவு மெதுவாக நீங்கும் என்பதைக் குடாநாட்டு மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.